புதுப்பிப்பு: பூனைக்குக் காப்பீடு எடுத்த பின் நடந்தது

என் நான்கு வயது ஆண் பூனைக்குக் காப்பீடு எடுக்கலாமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். அந்தப் பணத்தை மாதந்தோறும் தனியே சேர்த்து வைப்பதே மேல் என்று பலர் சொல்லியும், நான் காப்பீட்டையே எடுத்தேன்.

கடந்த மாதம் ஒரு நாள் இரவு அவன் மணல் தட்டில் ஏறி முக்குவதும், ஒரு சொட்டும் வராமல் இறங்கி அடிவயிற்றை நக்குவதுமாக இருந்தான். ஆண் பூனைகளின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது என்பதால், அது முழுவதும் அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பைக் குலைத்து, இரண்டு மூன்று நாட்களில் உயிரையே பறித்துவிடும். தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் சிறுநீர் வெளியேறக் குழாய் செருகி அவனை மூன்று நாள் வைத்திருந்ததற்கு 22,000 ரூபாய் ஆனது. பல முறை ஆவணங்கள் கேட்ட பிறகு, காப்பீட்டில் 13,500 ரூபாய் கிடைத்தது.

ஏற்கெனவே இருந்த நோய்க்கு இழப்பீடு இல்லை என்ற விதி எங்களைத் தொடாததற்கு, நோய் வருமுன்பே காப்பீடு எடுத்திருந்ததே காரணம். ஆகவே இளம் பூனைக்கு அது தகும் என்றே கருதுகிறேன்; சிறுநீரக நோய் கண்டறியப்பட்ட முதிய பூனைக்கு, நீங்கள் சொன்ன சேமிப்பே சரி. இப்போது அவனுக்கு ஈர உணவு மட்டுமே தருகிறேன். தண்ணீர்க் கிண்ணங்களையும் மூன்றாக்கியிருக்கிறேன்.