எல்லா முடிவும் என்னிடமே வந்து நிற்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நண்பரோடு தொடங்கிய எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் இப்போது 25 பேர். லண்டன் வாடிக்கையாளருக்கு விலை சொல்வதிலிருந்து ஒரு பட்டனின் நிறம் வரை எல்லாம் என் வாட்ஸ்அப்புக்கே வருகிறது.

'நல்ல ஆட்களை எடுத்துப் பொறுப்பை விட்டுவிடு' என்கிறார்கள். தங்குமிடங்களை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி இணையதளத்தின் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கியோ, அந்த அறிவுரை தங்களுக்குக் கைகொடுக்கவில்லை என்று 2024இல் சொன்னார். விலையையும் ஆள் எடுப்பதையும் நாங்கள் வைத்துக்கொண்டு மற்றதை அணித்தலைவர்களிடம் விடலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அனுபவசாலிகள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விடுகிறார்கள். இருப்பவர்கள் பல்கலைக்கழகம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். நல்ல கெட்டிக்காரர்கள், ஆனாலும் "அண்ணா, நீங்களே சொல்லுங்கோ" என்று நிற்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைத் தாங்களே முடிவெடுக்க எப்படிப் பழக்கினீர்கள்? இங்கே நிறுவனம் நடத்தும் அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள். நேரில் வந்து கதைக்கவும் தயார்.