போர் தண்ணியில சோப்பு திரியுது, சிறுவாணியில வழவழப்பு போகல. என்ன பண்றது?

இரட்டைக்குழாய்:
கோயம்புத்தூர் வீடு. ஒரு குழாயில சிறுவாணி அணைத் தண்ணி, இன்னொண்ணுல போர்வெல் தண்ணி. போர் தண்ணியோட லேப் ரிப்போர்ட்: மொத்தக் கடினத்தன்மை (கரைஞ்ச கால்சியம், மெக்னீசியத்தோட அளவு) லிட்டருக்கு 480 மி.கி, டிடிஎஸ் (கரைஞ்ச மொத்த உப்பு) 1100. அதுல சோப்பு நுரைக்கிறதே இல்ல. வாளியில பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையா மிதக்குது, கறுப்புத் துணி காய்ஞ்சதும் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுது. அதே கட்டியை சிறுவாணியில போட்டா நுரை பொங்குது, ஆனா எத்தனை மக்கு ஊத்தினாலும் உடம்புல வழவழப்பு போகல. சிறுவாணி நாள் விட்டுத்தான் வரும், துணி முழுக்க அதுல துவைக்க முடியாது. படிகாரம் போட்டா சரியாகுமா? ஆப்ப சோடா?

நுரைக்கணக்கு:
சோப்புங்கிறது எண்ணெய்க் கொழுப்போட சோடியம் உப்பு. தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்த சோடியத்தைத் தள்ளிட்டு கொழுப்பைப் பிடிச்சுக்கும். வர்ற கால்சியம் சோப்பு தண்ணியில கரையாது. நீங்க பார்க்கிற திரிசல் அதுதான். தண்ணியில இருக்கிற கால்சியம் தீர்ற வரைக்கும் நீங்க தேய்க்கிற சோப்பு அழுக்கை எடுக்கல, தண்ணியைத்தான் துவைக்குது.

கணக்கா சொன்னா, 100 மி.கி கடினத்தன்மை ஒரு லிட்டர்ல சுமார் 0.6 கிராம் சோப்பைத் தின்னும். உங்க 480-க்கு ஒரு 15 லிட்டர் வாளி 43 கிராம் கேட்கும். கிட்டத்தட்ட அரைக் கட்டி, அதுவும் நுரை வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.

படிகாரம் வேண்டாம். அது கலங்கலைத்தான் அடியில படிய வைக்கும், கரைஞ்ச கால்சியத்தைத் தொடாது. தேற்றாங்கொட்டையும் அப்படித்தான்.

சலவைக்கல்:
ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் வேற வேற. ஆப்ப சோடா பைகார்பனேட். பச்சைத் தண்ணியில போட்டா கால்சியம் கரைஞ்சபடியே கிடக்கும். உங்களுக்கு வேணும்கிறது சலவை சோடா, அதாவது கார்பனேட். 15 லிட்டருக்குக் கணக்குப்படி 7.6 கிராம் போதும். நடைமுறையில ஒண்ணரை முதல் ரெண்டு மடங்கு போடுங்க, 12–15 கிராம், குவிக்காம ஒரு பெரிய ஸ்பூன். இது உலர்ந்த தூளுக்கான அளவு. கண்ணாடி மாதிரி படிகமா இருந்தா பாதிக்கு மேல தண்ணி எடைதான், அதனால அளவைக் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆக்கணும்.

வரிசைதான் முக்கியம். முதல்ல சோடாவைக் கரைச்சு ஊத்தி நல்லா கலக்குங்க. தண்ணி பாலாட்டம் வெளுக்கும். ஒரு மணி நேரம் அசைக்காம விடுங்க, வெள்ளைப் பொடி அடியில உட்காரும். மேல் தெளிவை இன்னொரு வாளிக்கு மாத்தி, அதுக்கப்புறம்தான் துணியும் சோப்பும். துணியைப் போட்டுட்டு சோடாவைக் கொட்டினா அந்தச் சுண்ணாம்புப் பொடி நூல்லயே ஒட்டி துண்டு சொரசொரன்னு ஆயிடும். பட்டு, கம்பளிக்கு இந்தத் தண்ணி ஆகாது, காரம் அதிகம். அலுமினியப் பாத்திரத்துலயும் வைக்காதீங்க. குளிக்கவும் கூடாது.

சரியாச்சான்னு பார்க்க, மூடி போட்ட பாட்டில்ல பாதி அளவு தெளிவை எடுத்து துளி சோப்பு சீவிப் போட்டுக் குலுக்குங்க. பக்கத்துல சிறுவாணியிலயும் அதே அளவு. நுரை ரெண்டுலயும் ஒரே மாதிரி நின்னா சரி. சோடா போட்ட தண்ணி பாட்டில்ல திரிசல் இன்னும் வந்தா மெக்னீசியம் அதிகம்னு நினைக்கலாம், சோடா மட்டும் அதை முழுசா இறக்காது.

இரட்டைக்குழாய்:
அப்போ வழவழப்பு? ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பார்த்துக்கிட்டா போதாதா?

நுரைக்கணக்கு:
வழவழப்பு கோளாறு இல்ல. போர் தண்ணியில தோல்ல மிச்சமிருக்கிற சோப்பு உடனே திரிஞ்சு, விரல் வச்சா கிறீச்னு பிடிக்கிற படலமா மாறிடுது. அதைத்தான் நாம "சுத்தமாச்சு"ன்னு பழகிட்டோம். சிறுவாணியில சோப்பு திரியாம சோப்பாவே இருக்கிறதால வழுக்குது. தண்ணியைக் கூட்டாதீங்க, சோப்பைப் பாதியாக்குங்க.

டிடிஎஸ் மீட்டர் மின்கடத்தலை வச்சு மொத்த உப்பைத்தான் சொல்லும். எவ்வளவு கால்சியம், எவ்வளவு சாதா உப்புன்னு பிரிச்சுச் சொல்லாது. கடினத்தன்மைக்கு சொட்டு மருந்து கிட் இருக்கு: ஒயின் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் எண்ணிச் சொட்டணும்.

ரெசின்மூட்டை:
ரெண்டு குழாய் இருக்கிறவங்க அடிக்கடி பண்ற தப்பு: சிறுவாணியில சோப்புப் போட்டுட்டு நேரா போர்ல அலசுறது. துணியில நிறைஞ்சிருக்கிற சோப்பு அங்கேயே திரியும், சாம்பல் பூக்கிறது அதனாலதான். முதல் அலசல் நல்ல தண்ணியில, அடுத்தது போர்ல. துணிக்கு டிடர்ஜென்ட் பவுடர்னா இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைஞ்சிடும். அதோட வேதிப்பொருள் கால்சியத்தோட அவ்வளவு லேசுல திரியாது. தலைக்கு சீயக்காய், பூந்திக்கொட்டைன்னாலும் அப்படித்தான். நுரை கம்மியா இருந்தாலும் பிசுக்கு வராது.

சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கிற கருவி) வைக்கிறதா இருந்தா, அதுக்குள்ள கால்சியத்தைப் பிடிச்சுட்டு சோடியத்தை விடுற ரெசின் மணிகள் இருக்கும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 500 லிட்டர்னா உங்களுக்கு 240 கிராம்; 25 லிட்டர் ரெசின் அஞ்சு நாள் தாங்கும். அப்புறம் ரெசினைப் புதுப்பிக்க 3–4 கிலோ கல்லுப்பை பத்து சதவீதக் கரைசலாக்கி மெதுவா, அரை மணி நேரமாவது ஓடுற மாதிரி விடணும். வேகமா ஓட்டினா உப்பு வீண், ரெசின் பாதிதான் தேறும். போர்ல இரும்பு இருந்தா முதல்ல அதை வடிகட்டணும், இல்லன்னா ரெசின்ல துரு ஏறி அடைச்சுக்கும். டிடிஎஸ் குறையலேன்னு கடைக்காரரோட சண்டை போடாதீங்க, குறையாது. கால்சியம் போன இடத்துல சோடியம் வந்திருக்கும், உங்க தண்ணிக்கு லிட்டருக்கு 220 மி.கி. செடிக்கு ஊத்தாதீங்க, ரத்த அழுத்தக்காரங்களுக்குக் குடிக்கக் குடுக்காதீங்க.

சலவைக்கல்:
ஏற்கனவே சாம்பல் பூத்த துணிக்கு: 5 லிட்டர் சுடுதண்ணியில ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் அமிலம், அரை மணி ஊறல், சிறுவாணியில ஒரு அலசல், அப்புறம் டிடர்ஜென்ட்ல ஒரு துவை. அமிலம் கால்சியத்தைத்தான் பிரிக்கும்; மிச்சமாகிற கொழுப்பை டிடர்ஜென்ட்தான் எடுக்கணும். அந்த டிடர்ஜென்ட் துவையை விட்டுட்டு துணியில எண்ணெய் வாடைன்னு புலம்புறவங்க நிறைய. அந்த அமிலத் தண்ணியை மொசைக் தரையில கொட்டிடாதீங்க, பளபளப்பு போயிடும்.