அங்கம்மா பாட்டி பேரப்பிள்ளைகள் குழு: கெர்த்தாஸ் கெர்ஜா யாரிடம் இருக்கிறது?

ஞாயிறு, காலை 8.12

மல்லிகா: எல்லாரும் பசியாறியாச்சா? செவ்வாய்க்கிழமை தெக்குன் கடன் ஆபீசுக்குப் போகிறேன், என் முறுக்கு வியாபாரத்துக்கு ஸ்பூமி என்கிற இந்தியர் கடன் மனு கொடுக்க. ஐசி அட்டை, எஸ்எஸ்எம் வியாபாரப் பதிவு, பாங்கு கணக்கு எல்லாம் இருக்கிறது. கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது வியாபாரத் திட்ட அறிக்கை, அதுதான் இல்லை. யாரிடமாவது பழையது இருந்தால் அனுப்புங்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

பவானி: செல்வம் அண்ணனிடம் ஒன்று இருக்குமே

செல்வம்: காலையிலேயே ஆரம்பிச்சாச்சா

தினேஷ்: அது ஆட்டுப் பண்ணைக்கு எழுதினது சித்தி. 40 பக்கம். பாதி ஆட்டுப் படம்

செல்வம்: நாலு படம்தான்டா

புஷ்பம் அத்தை: இனிய காலை வணக்கம். இன்றைய நாள் இனிய நாளாகட்டும்.

கிராணி மாமா: மல்லிகா, அடுத்தவர் எழுதினதில் பெயரை மாற்றிக் கொடுக்காதே. எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் காகிதத்தைப் பார்த்து முழிக்க வேண்டி வரும். நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக 31 வருஷம் செக்ரோல் என்கிற சம்பளப் பேரேடு எழுதினவன், எழுத்துக்குப் பயப்படாதே. நீ யார், என்ன விற்கிறாய், யார் வாங்குகிறார்கள், இதே ஊரில் வேறு யார் முறுக்கு சுடுகிறார்கள், ஒரு டப்பா சுட என்ன செலவு, கடன் வாங்கி எதை வாங்கப் போகிறாய், எப்படித் திருப்பிக் கட்டுவாய். இதை மூன்று பக்கத்தில் எழுதினால் போதும். நான்காவது பக்கம் பன்னிரண்டு மாதத்து வரவு செலவு. அந்தப் பக்கம்தான் முக்கியம். முகவரியில் ஊர்ப்பெயரை பெஸ்தாரி ஜெயா என்று எழுது. 2007-லேயே மாற்றியாச்சு, நீ இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறாய்.

செல்வம்: படிச்சு முடிக்கவே மதியம் ஆகும் போல

பவானி: அக்கா எவ்வளவு கேட்கப் போறே

மல்லிகா: 10 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). பிழிகிற மெஷினும் பெரிய அடுப்பும் 6 ஆயிரம். மிச்சம் பின்பக்கக் கூரை.

பவானி: கூரையா?

செல்வம்: என் கூட்டாளி செய்து தருவான். 4 ஆயிரத்துக்கு எவனும் செய்ய மாட்டான்

பவானி: ஆட்டுக் கொட்டகை போட்டவர்தானே

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: ஸ்பூமியில் 50 ஆயிரம் வரை கிடைக்கும் தாத்தா. ஸ்பூமி கோஸ் பிக் என்று ஒரு திட்டம் வந்த பிறகு 1 லட்சம் வரை. பெரிதாகவே கேட்கலாமே

கிராணி மாமா: கிடைக்கிறதே என்று கேட்பது கடன் இல்லை தம்பி, ஆசை. மல்லிகா, ஒரு டப்பா கணக்கைப் போடு.

மல்லிகா: நேற்றே எழுதி வைத்தேன் மாமா. ஒரு தடவைக்கு அரிசி மாவு 5 கிலோ 20 வெள்ளி, உளுந்து 9, வெண்ணெய் ஓமம் எள் 12, எண்ணெய் 18, கேஸ் 5, டப்பா பதினாறு 19.20. மொத்தம் 83.20. பதினாறு டப்பா வரும், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. டப்பாவுக்கு 5 வெள்ளி 20 காசு. விற்பது 15. ஆக 9.80 லாபம்.

புஷ்பம் அத்தை: வெண்ணெய் போடுகிறாயா, அதுதான் வாயில் கரைகிறது. மாமியார் மார்ஜரின்தான் போடுவார்.

பவானி: இல்லை அத்தை, பாட்டி போட்டது நெய்

புஷ்பம் அத்தை: தோட்டத்து லயத்தில் யாருக்கு நெய் கிடைத்தது?

கிராணி மாமா: நெய்யை அப்புறம் பார்ப்போம். எண்ணெயை போத்தல் விலைக்குத்தானே போட்டிருக்கிறாய்? 2.50 மானிய பாக்கெட்டை நம்பிக் கணக்குப் போடாதே, கடையில் எப்போதும் கிடைக்காது. சரி, இதில் உன் கூலி எங்கே?

மல்லிகா: என் கூலியா? வீட்டு வேலைதானே மாமா

கிராணி மாமா: ஒரு தடவை சுட எத்தனை மணி நேரம்?

மல்லிகா: மாவு சலிக்கிறதிலிருந்து மூடி ஒட்டுகிற வரைக்கும் ஒன்பது மணி நேரம் ஆகும்

கிராணி மாமா: குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700. மணிக்கு 8 வெள்ளிக்கு மேல் வருகிறது. 8 என்றே வை. ஒன்பது மணி நேரம் 72. பதினாறால் வகுத்தால் டப்பாவுக்கு 4.50. அடக்கம் 9.70. லாபம் 9.80 இல்லை அம்மா, 5.30. என் அம்மா அங்கம்மா காலத்திலும் இதே கதைதான். சம்பள நாளன்று வாளியில் முறுக்கு கொண்டுபோய் விற்பார், ராத்திரி சில்லறையை எண்ணி லாபம் என்பார். காலையில் ரப்பர் பால்மரம் வெட்டிவிட்டு, தூங்காமல் பிழிந்த கை. அந்தக் கைக்கு யாரும் ஒரு காசு எழுதவில்லை.

தினேஷ்: நான் டப்பா ஒட்டினதுக்கு?

மல்லிகா: சோறு போட்டேன்

பவானி: அக்கா, மணிக்கட்டு வலி எப்படி இருக்கு

மல்லிகா: அதற்குத்தான் மெஷின்

செல்வம்: மெஷின் முறுக்கில் கை முறுக்கு ருசி வராது

மல்லிகா: அப்போ நீங்கள் வந்து பிழிந்து கொடுங்கள் அண்ணா

புஷ்பம் அத்தை: பிழிவது என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தப் பித்தளைக் குழல் யாரிடம் இருக்கிறது?

(பதினோரு நிமிடம் யாரும் எழுதவில்லை)

பவானி: என்னிடம்தான். ஷா ஆலாமில். அம்மா எனக்குக் கொடுத்தது

மல்லிகா: கொடுத்தாரா, நீ எடுத்துக்கொண்டாயா

பவானி: அக்கா இது கெர்த்தாஸ் கெர்ஜா பேசுகிற இடம்

செல்வம்: கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள், நான் பார்த்தேன்

கிராணி மாமா: குழலை விடுங்கள். மல்லிகா, 10 ஆயிரம், மூன்று வருஷம், வருஷத்துக்கு 4 விழுக்காடு என்று வைத்தால் திருப்பிக் கட்ட வேண்டியது 11,200. மாதம் 311. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தை இடம், கரண்டு, போன், பெட்ரோல் எல்லாம் 219 என்றாய். மொத்தம் 530. டப்பாவுக்கு 5.30. ஆக மாதம் 100 டப்பா விற்றால்தான் கை சுடாது. போன வருஷம் மாதாமாதம் எத்தனை போனது?

மல்லிகா: தீபாவளி மாதம் 400. சீனப் புத்தாண்டுக்கு 150, எதிர்வீட்டு அங்கிள் கடைக்கே 60 எடுத்தார். ஹரி ராயாவுக்கு 120. மற்ற மாதங்களில் 40 வரும்.

தினேஷ்: மொத்தம் 1,030. வருஷத்துக்கு 1,200 வேணும்

கிராணி மாமா: பார்த்தாயா. ஒரு டப்பாவில் லாபம், ஒரு வருஷத்தில் நட்டம். தீபாவளி மாதத்தில் வீடு முழுக்கப் பணம் இருப்பது போலத் தெரியும். ஜூன் மாதத் தவணைக்குக் கைநீட்ட வேண்டி வரும். கூரையை எடுத்துவிட்டு 6 ஆயிரம் மட்டும் கேட்டால் மாதத் தவணை 187. 219-ஐச் சேர்த்தால் 406. அப்போது 77 டப்பா போதும். வருஷத்துக்கு 924. உன்னால் முடிகிற கணக்கு.

செல்வம்: மழை பெய்தால் எங்கே சுடுவாள்? யோசிச்சீங்களா?

பவானி: இதுவரை எங்கே சுட்டாள்

செல்வம்: நான் நல்லதுக்குச் சொன்னேன். விடுங்கள்

மல்லிகா: 10 ஆயிரம் என்று அங்கே வாயால் சொல்லிவிட்டேனே மாமா

கிராணி மாமா: பாரத்தில் எழுதினாயா?

மல்லிகா: பென்சிலில்

பவானி: அக்கா, அமானா இக்தியார் கடனும் பார்க்கலாமே. பெண் திட்டம் என்று நம் பெண்களுக்கே இருக்கிறது

மல்லிகா: ஐந்து பேர் குழுவாகச் சேரணுமாம்

செல்வம்: நம்ம வீட்டில் ஐந்து பேர் ஒத்துப்போவதா

புஷ்பம் அத்தை: வெள்ளிக்கிழமை கோவில் அன்னதானத்துக்கு யார் கத்தரிக்காய் வாங்குகிறீர்கள்? தலைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தினேஷ்: எனக்கும் டைபாய்டு ஊசி போடணுமா தாத்தா?

கிராணி மாமா: சமைக்கிற எல்லாரும் போடணும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. உணவுப் பயிற்சியும் போ. அப்புறம் கடைப் பெயர். சொந்தப் பெயரில் பதிந்தால் எஸ்எஸ்எம் வருஷத்துக்கு 30, வேறு பெயர் என்றால் 60.

மல்லிகா: இப்போது என் பெயரில்தான் இருக்கிறது. அங்கம்மா முறுக்கு என்று மாற்றலாம் என்று நினைக்கிறேன்

பவானி: அந்தப் பெயர்தானே ஆடுகளோடு போனது

செல்வம்: அங்கம்மா என்டர்பிரைஸ் வேற, அங்கம்மா முறுக்கு வேற

மல்லிகா: அதில் போட்ட அம்மாவின் இபிஎப் சேமிப்புக் காசும் வேறயா அண்ணா

செல்வம்: லோரியில் இருக்கிறேன். அப்புறம் பேசுகிறேன்

கிராணி மாமா: பழசு வேண்டாம். இன்னொன்று. கெர்த்தாஸ் கெர்ஜாவைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதே. ஒரு நகலை ஐஸ்பெட்டியில் ஒட்டு. ஒவ்வொரு மாதமும் நாம் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணை எழுது. மார்ச்சில் 40 போட்டு 25தான் போயிருந்தால் ஏப்ரலில் மாவு குறைவாக வாங்குவாய். என் அம்மா 555 என்கிற குட்டி நோட்டில் செய்ததும் இதுதான், யார் எவ்வளவு பாக்கி என்று. சரி, வரவேண்டிய பாக்கி என்று ஒரு வரி இருக்கிறது, அதை நிரப்பு. ஒளிக்காமல் போடு.

மல்லிகா: அது வேண்டாம் மாமா

கிராணி மாமா: வெட்கப்பட்டால் வியாபாரம் செய்ய முடியாது.

தினேஷ்: எங்க அம்மாவின் 555 நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. போன தீபாவளி பாக்கி. பவானி சித்தி 8 டப்பா, 120 வெள்ளி. செல்வம் மாமா 6 டப்பா, 90. கோவில் கமிட்டி 10 டப்பா, 150. கிராணி தாத்தா 12 டப்பா, 180. மொத்தம் 540

பவானி: நான் கொடுத்தேன் என்று நினைத்தேன்!

மல்லிகா: தினேஷ் போனை வை

தினேஷ்: ஒரு மாதத்துச் செலவு இதிலேயே அடங்கும் தாத்தா

புஷ்பம் அத்தை: பன்னிரண்டா? வீட்டுக்கு நாலுதான் வந்தது. மிச்சம் எங்கே போனது?

புஷ்பம் அத்தை: என்னங்க?

பகல் 1.40

கிராணி மாமா: ஓய்வுபெற்ற கிராணிகள் ஒன்றுகூடலுக்கு எடுத்தேன். அனுப்பிவிடுகிறேன். மல்லிகா, கியூஆர் போடு.

செல்வம்: நானும் சம்பளம் வந்ததும்

பவானி: அனுப்பியாச்சு அக்கா. குழலை அடுத்த மாதம் கொண்டுவந்து காட்டுகிறேன்

மல்லிகா: காட்டுகிறாயா கொடுக்கிறாயா

மல்லிகா: மாமா, திங்கள் சாயந்திரம் வீட்டுக்கு வருகிறேன், உட்கார்ந்து எழுதுவோம். செவ்வாய் காலை யார் காரில் போவது?

தினேஷ்: எனக்கு வகுப்பு

புஷ்பம் அத்தை: கத்தரிக்காய்க்கு யாரும் பதில் சொல்லவில்லை.