கடலோர மணலுக்கு எந்த வின்ச் சரி?

வணக்கம். எனக்குக் கடலூர். மழைக்காலத்தில் தென்பெண்ணைக் கரைச் சேற்றிலும் கடலோர மணலிலும் மாட்டுகிற வண்டிகளை இழுக்க என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு வின்ச் (டிரம்மில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போடப்போகிறேன். சாமானோடு என் வண்டி 2,300 கிலோ வரும். வின்ச் வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும் என்றால் 3,450 கிலோ. அதனால் 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுக்கிற வின்ச்சைப் பார்த்துவைத்திருக்கிறேன். டிரம்மில் கயிறு அடுக்கடுக்காக இருந்தால் இழுவை குறையும் இல்லையா, அதற்குத்தான் இந்தக் கூடுதல்.

குழப்பமே கயிற்றில்தான். இரும்புக் கயிறு உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பிசிறு கையைக் கிழிக்கும். அறுந்தால் ஆளையே அடித்துவிடும். சிந்தெடிக் கயிறு லேசு, ஆனால் இழைக்குள் மணல் புகுந்து அரிக்கும், வெயிலும் ஆகாது. புதுச்சேரி, கடலூர் பக்கம் ஓட்டுகிறவர்கள் எதைப் போட்டிருக்கிறீர்கள்?

அப்புறம், இளஞ்சவுக்கு மரத்தில் நாடாப் பட்டை கட்டி, அதில் வின்ச் கயிற்றை மாட்டி இழுத்தால் தாங்குமா? மரமே இல்லாத மணலில் ஸ்டெப்னியைப் புதைத்து, அதில் கயிற்றை மாட்டி இழுத்தவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள் என்று அவசியம் சொல்லுங்கள்.