பொருள்: துளையலகு – வகைப்பெயரை வடிவத்தில் தேடுவதா, வேலையில் தேடுவதா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

குழாய்க்கிணறு துளைக்கும் கம்பியின் அடியில் பூட்டப்பட்டு நிலத்தைக் குடையும் தலையை ஆங்கிலத்தில் ‘பிட்’ (bit) என்கிறார்கள். அதற்குத் தமிழில் துளைமுனை, துளையுளி, துளையலகு என்ற மூன்று சொற்கள் களத்தில் நிற்கின்றன. என் வாக்கு அலகுக்கு.

> பாடநூலில் அலகு என்றால் மீற்றரும் கிலோகிராமும் அல்லவா? மாணவர் குழம்பமாட்டார்களா?

குழம்பமாட்டார்கள், தம்பி. கடையில் சவர அலகு கேட்டால் எவரும் மீற்றர் கோலை எடுத்து நீட்டுவதில்லை. முனை எனக்கு உவப்பில்லாததற்குக் காரணம் ஒன்றுதான். ஆய்வுக்காகப் பாறையின் மாதிரியை வெட்டி எடுக்கும் அலகுக்கு முனையே கிடையாது. அது ஒரு வளையம். பாறையை வட்டமாக அறுத்தபடி அது இறங்க, நடுவில் எஞ்சும் உருளையைத்தான் மாதிரியாக மேலே எடுக்கிறார்கள். உளி என்பதோ அடிவாங்கும் கருவி. சுழன்று சுழன்று சீவுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டினால் தச்சர்கள் சிரிப்பார்கள்.

அடிச்சொல் எதுவானாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். வகைப்பெயர்களில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். சென்னை ஐயா அனுப்பிய பட்டியலில் முக்கூம்பு அலகு, வைர அலகு, குமிழ் அலகு, கடும்பாறை அலகு என்று இருக்கின்றன. பார்வைக்கு அழகாக இருக்கின்றன. ஆனால் எந்த நிலத்துக்கு எதைப் பூட்டுவது என்று கேட்பவருக்கு அவற்றில் ஒன்றுகூட வழிகாட்டவில்லை. சில வழி தவறவும் வைக்கும்.

வைர அலகையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு கருவிகள் அடங்கிவிடுகின்றன. ஒன்றில் செயற்கை வைரத் தகடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். அது களிப்பாறையையும் சுண்ணக்கல்லையும் இழைப்புளிபோலச் சீவிக்கொண்டு போகும். வெடிப்பு விழுந்த கடும்பாறையில் மோதினால் தகடு சிதறிவிடும். மற்றதில் வைரத்தூள் உலோகத்தோடு கலந்திருக்கும். அது சீவுவதில்லை, தேய்க்கிறது. கருங்கல்லுக்கு உகந்தது இந்த இரண்டாவதுதான். கடைக்காரரிடம் வைர அலகு என்று மட்டும் சொல்பவர் எதை வாங்கி வருவார்?

கடும்பாறை அலகு இன்னும் மோசம். தேய்க்கும் அலகில் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் பாறைக்கு நேரெதிராக இருக்க வேண்டும். கடினமான, மணி நெருங்கிய பாறைக்கு மென்மையான பிணைப்பு, அதாவது மென்மையான பிடியுலோகம், தேவை. அது சற்றுச் சற்றாகத் தேய்ந்தால்தான் மழுங்கிய வைரம் உதிர்ந்து புதிய வைரம் வெளியே வரும். அராவும் தன்மை மிகுந்த மணற்கல்லுக்குக் கடினமான பிணைப்பு வேண்டும். இல்லாவிட்டால் வைரம் வேலை செய்யுமுன்பே கொட்டிவிடும். ஆக, கடும்பாறை அலகு என்ற பெயரில் உள்ள ‘கடும்’ பாறையைச் சேர்ந்ததா, உலோகத்தைச் சேர்ந்ததா? வாங்குபவர் உலோகத்தைச் சேர்ந்தது என்று எண்ணினால் அலகு பளபளப்பேறி, பாறைமேல் வழுக்கிக்கொண்டே நிற்கும்.

முக்கூம்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல் பதித்த கூம்புகள் உருண்டு பாறையை நொறுக்கும் உருளை அலகு அது. 1909இல் அமெரிக்காவில் மூத்த ஹோவார்ட் ஹியூஸ் காப்புரிமை பெற்ற உருளை அலகுக்கு இரண்டு கூம்புகளே இருந்தன. மூன்றாவது கூம்பு 1930களில் வந்தது. எண்ணிக்கையில் பெயர் வைத்தால் முதலில் பிறந்தது பட்டியலுக்கு வெளியே போய்விடும்.

என் முன்மொழிவு எளியது. அலகு நிலத்தை என்ன செய்கிறதோ அதுவே பெயராகட்டும். சீவினால் சீவலகு, உருண்டு நொறுக்கினால் நொறுக்கலகு, இடித்தால் இடியலகு, தேய்த்தால் தேய்ப்பலகு. வைரத் தகடு பதித்ததும் சீவலகில் அடங்கும். உருக்கு இறக்கை வைத்ததும் அடங்கும். (மூன்றாம் மடலில் வந்த ‘சுரண்டலகு’ வேண்டாம். அந்தச் சொல்லைத் தொழிற்சங்கங்கள் எப்போதோ குத்தகைக்கு எடுத்துவிட்டன.)

எங்கள் மாவட்டத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் மூதூர்ப் பக்கம் வண்டலும் களியும் மணலும். அங்கே சீவலகும், கழிவை மேலே அள்ளிவரத் துளைக்குள் செலுத்தும் சேற்று நீரும் போதும். திருகோணமலை நகரமும் அதன் சுற்றுப்புறமும் உயர்நிலத் தொகுதி என்று புவியியலாளர் குறிக்கும் பழைய உருமாறிய பாறைகளைச் சேர்ந்தவை. அந்தப் பாறையில் சீவலகு ஒன்றும் கிழிக்காது, இடியலகுதான் வேண்டும். அமுக்கக் காற்றில் இயங்கும் சம்மட்டி துளைக்குள்ளேயே, அலகின் தலைக்கு மேல் இருந்து நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் அடிக்கிறது. அலகு மெல்லத்தான் சுழலும். அலகின் முகத்தில் பதித்த குமிழ்கள், அதாவது பாறையை உடைக்கும் கடினமான மொட்டுகள், அடுத்த அடிக்குப் புது இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்தச் சுழற்சி.

அதே இடியலகை மேல்மண்ணின் ஈரக் களியில் இறக்கினால் காற்றுத் துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். அடி களிக்குள் அமுங்கிவிடும். அதனால்தான் மேலே சீவி, பாறை தட்டும்வரை துளைச்சுவர் சரியாமல் தாங்கும் உறைகுழாயை இறக்கி, பிறகு இடிக்கிறார்கள். எப்போது மாற்றுவது என்பதைத் துளைவாயில் நிற்பவருக்கு மேலே வரும் கழிவே சொல்லிவிடும். பிசுபிசுத்த செம்மண் குறைந்து, கையில் நறநறக்கும் மக்கிய பாறைத்துகள் வரும். பிறகு சாம்பல் நிறத்தில் உலர்ந்த தூள் பறக்கத் தொடங்கும். ஓசையும் மாறும், மொத்தென்று கேட்டது கணீரென்று கேட்கும்.

> இடியலகு, குமிழ் அலகு – இரண்டும் ஒன்றுதானே அண்ணா? இருப்பதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஒன்றல்ல, தங்கச்சி. நொறுக்கலகிலும் தங்ஸ்டன் கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளாலான குமிழ்கள் உண்டு. மென்பாறைக்கானதில் அவற்றுக்குப் பதில் உருக்குப் பற்கள். குமிழ் என்பது உறுப்பின் பெயராகவே இருக்கட்டும். அதற்குள்ளும் பிரிவு வேண்டும்: அரைக்கோளமாக உருண்டது கடும்பாறைக்கு, கூம்பி நிற்பது அதைவிட மெத்தென்ற பாறைக்கு. ‘உருள்குமிழ்’, ‘கூர்குமிழ்’ என்று பிரிக்கலாம்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. குவார்ட்ஸ் மிகுந்த பாறையில் அலகின் வெளிவிளிம்புக் குமிழ்கள்தான் முதலில் தேய்கின்றன. அப்படித் தேய்ந்தால் துளை கீழே போகப்போகக் குறுகும். அடுத்து இறக்கும் புது அலகு பாதியிலேயே இறுகிக்கொள்ளும். குமிழின் தலையில் விழும் தட்டை, அதன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது தீட்டிவிட வேண்டும் என்பது வழக்கமான விதி. இந்த வெளிவிட்டத்தைத் துளைப்பவர்கள் ‘கேஜ்’ என்கிறார்கள். நான் ‘விளிம்பளவு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மனம் முழுதாக ஒப்பவில்லை. ‘விளிம்புத் தேய்வு’ பொருந்துகிறது, ‘விளிம்பளவு குறைந்த அலகு’ என்று நீட்டும்போது நாக்கு தடுக்குகிறது. குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றிரவு பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்