3,500 கிலோ இழுக்கும் வண்டி 1,650 கிலோவை ஏன் இழுக்கக் கூடாது?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா):
நாலு கதவு டீசல் பிக்கப். கையேட்டில் இழுவைத் திறன் 3,500 கிலோ என்று போட்டிருக்கிறது. மினி டிராக்டர் ஒன்றை, தகட்டு எடை 1,150 கிலோ, பீடோர் பக்கத் தோட்டத்துக்கு மாற்ற வேண்டும். டிரெய்லர் வெறும் எடை 480. ஒற்றை அச்சு, இரண்டு டயர், பிரேக் கிடையாது. சங்கிலி, சாமான் எல்லாம் சேர்த்து 1,650 வரும். 3,500-ல் பாதிகூட இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கூடவே கூடாது என்கிறார்கள். டவ்பார் (பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் சட்டம்) தகட்டில் 1,500 கிலோ, டயரில் 88 என்று இருக்கிறது. எந்த எண்ணைப் பார்ப்பது?

அச்சாணி:
தம்பி, ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான் சரி. 3,500 என்பது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. கையேட்டில் அதே பக்கத்தில் பிரேக் இல்லாததற்குத் தனி எண் இருக்கும். பெரும்பாலான பிக்கப்களில் அது 750 கிலோ. உங்கள் டிரெய்லருக்கு அந்த எண்தான் பொருந்தும். இழுப்பதற்கு இன்ஜினில் சக்தி தாராளமாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. நிறுத்தும்போதுதான் சிக்கல். பிரேக்கை மிதித்ததும் 1,650 கிலோவும் பின்னாலிருந்து டவ்பார் முனையில் உள்ள பந்தைத் தள்ளும். மழையில், வளைவில் இது நடந்தால் டிரெய்லர் ஒரு பக்கம் மடங்கி பிக்கப்பின் வாலைத் திருப்பிவிடும்.

டயரில் உள்ள 88 பாரச் சுட்டெண். ஒரு டயர் 560 கிலோ தாங்கும், இரண்டுக்கும் சேர்த்து 1,120. பந்தின் மேல் ஏறும் பங்கைக் கழித்தாலும் உங்கள் டயர்கள் மேல் 1,480-க்கு மேல் உட்காரும். டவ்பாரும் 1,500-தான். ஆக மூன்று இடத்தில் தாண்டுகிறீர்கள். கையேடு, டவ்பார், பந்து, கப்ளிங் (பந்தின் மேல் உட்காரும் டிரெய்லரின் பூட்டு), டிரெய்லர் தகடு, டயர் என்று வரிசையாகப் பார்த்து, எது ஆகக் குறைவோ அதைத்தான் உங்கள் இழுவைத் திறனாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பந்தில் 3,500 என்று அச்சடித்திருந்தால் கிலோவா பவுண்டா என்று பாருங்கள். 3,500 பவுண்டு என்றால் 1,588 கிலோதான். அளவையும் பாருங்கள்: 50 மி.மீ. கப்ளிங், ஒன்றே முக்கால் அரைக்கால் (1⅞) அங்குலப் பந்தின் மேலும் உட்கார்ந்துவிடும், பூட்டியது போலவே தெரியும். பெரிய பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்றுவிடும். செம்மண் ரோட்டில் அதற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
அச்சாணி அண்ணன் விட்டதை நான் சேர்க்கிறேன். பிரேக் வைத்த டிரெய்லர் என்றாலும், நிறைய ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு 3,500-ஐ இழுக்க முடியாது. உதாரணத்துக்கு வண்டி வெறும் எடை 2,100, வண்டி மட்டும் சுமையோடு இருக்கக்கூடிய உச்சம் 3,050, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்சம் 5,850 என்று வையுங்கள். 5,850-ல் 3,500 போனால் 2,350. அதில் வண்டியே 2,100. ஓட்டுநர், ஆள், சாமான் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 250 கிலோ. விளம்பரத்தில் இதைப் போடமாட்டார்கள். உங்கள் வண்டிக்குரிய எண்களைக் கையேட்டிலும் கதவுத் தூண் தகட்டிலும் பாருங்கள். லோரிப் பக்கவாட்டில் மலாயில் எழுதியிருக்கும் பெராட் தன்பா முவாதான், பெராட் டெங்கான் முவாதான் இரண்டும் முறையே வெறும் எடை, சுமையோடு எடை. சுருக்கித் தமிழில் எழுதினால் இரண்டுமே பிடிஎம். அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே. இரண்டு அச்சு டிரெய்லர், பிரேக்கோடு, வெறும் எடை 650, வாடகைக்குக் கிடைக்கிறது. டிராக்டர், சங்கிலி சேர்த்தால் 1,820. டவ்பாரையும் மாற்றிவிடுகிறேன். எப்படி ஏற்றுவது?

அச்சாணி:
டவ்பார் மாற்றும்போது 2,500 கிலோவுக்குக் கீழே தாங்குவதை வாங்காதீர்கள். டிரெய்லரின் பதிவு அட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றுவதில் முக்கியம் பந்தின் மேல் விழும் பாரம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 180 கிலோ சுமார். குறைந்தால் வால் கனத்து, வேகத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். கப்ளிங்கிலிருந்து அச்சுகளின் நடுவுக்கு 3 மீட்டர் என்றால், டிராக்டரை 10 செ.மீ. முன்னே நகர்த்தினாலே பந்தில் 38 கிலோ கூடும். இன்ஜின் பக்கம் முன்னால் இருக்கும்படி ஏற்றி, நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்.

அளக்க, செம்பனை ஆலை எடைமேடை போதும். டிரெய்லரைக் கழற்றித் தனியாக எடை போடுங்கள். பிறகு பூட்டி, பிக்கப்பை மேடைக்கு வெளியே விட்டு டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்துப் பாரம். தராசு பத்துப் பத்தாகக் காட்டினால் ஒரு பத்து கிலோ முன்பின் இருக்கும், பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பந்துப் பாரம் 182 கிலோ, பிக்கப்பின் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. பிக்கப்பின் இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3.1 மீட்டர் என்றால் பின் அச்சில் 252 கிலோ கூடும், முன் அச்சில் 70 குறையும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங்கும் லேசாகும். பிக்கப் தட்டில் இன்னும் சாமான் ஏற்றினால் இது மோசமாகும். மேலே சொன்ன எண்களின்படி, 3,050-ல் வண்டி 2,100, பந்துப் பாரம் 182 போக, தட்டுக்கும் ஆளுக்கும் மிஞ்சுவது 768 கிலோ. 20 கிலோ செம்பனைக் குலை 40 போட்டால் ஓட்டுநர் ஏறும் முன்பே தாண்டியாச்சு.

அச்சாணி:
டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் டிரெய்லரின் முன்தண்டு ரோட்டில் குத்தாமல் அதில் விழும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுக்கும் பாதுகாப்புக் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியில் தனியாக மாட்ட வேண்டும்.

பாதை: நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போ பக்கம் நீண்ட சரிவு. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சூடேறி பிடி போய்விடும். செம்மோர் வழி பழைய சாலையில் போனால் இந்தச் சரிவே இல்லை. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகமும் கூட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். அடங்கியதும் ஓரமாக நிறுத்தி டிராக்டரை ஒரு கை அகலம் முன்னே தள்ளிக் கட்டுங்கள்.