பத்துக் கற்பனை (பத்துக் கட்டளை) படிப்பிக்கிறேன், எனக்கே அதில் பிடிப்பு இல்லை

மானிப்பாய்க்காரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கன நாளாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆறு வருஷமாக எங்கள் சேர்ச்சில் ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். போன மாதம் மனன வசனம் சங்கீதம் 119:97. "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்! நாள்முழுதும் அது என் தியானம்." எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி பிழையில்லாமல் சொல்லி, ஸ்டிக்கரையும் வாங்கிக்கொண்டு, "டீச்சர், நீங்களும் நாள் முழுக்க வாசிப்பீங்களா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசையில் என் வேதாகமத்துக்கு மேலே மூன்று மாதக் கரண்ட் பில் கிடக்கிறது. வகுப்புக்கு வசனத்தைப் போனில் பார்த்துக்கொள்வேன், அதனால் புத்தகத்தைத் தொடவே தேவைப்படவில்லை. கடைசியாக எப்போது திறந்தேன் என்று அடியில் இருந்த பில்லின் திகதியை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

விசுவாசத்தை விட்டுவிடவில்லை. சந்தேகம் வந்து குழம்பிப்போகவும் இல்லை. ஒன்றுமே இல்லை, அதுதான் பிரச்சினை. பாவ அறிக்கையை வாய் தன்பாட்டில் சொல்கிறது, மனம் மத்தியானக் கறிக்கு மீனை வெளியில் எடுத்து வைத்தேனா என்று யோசிக்கிறது.

யோவான் 14:15-இல் "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று இருக்கிறது. அன்பே இல்லாமல் கைக்கொண்டால் அது வெறும் வெளிவேஷம், பரிசேயத்தனம் இல்லையா? அன்பு திரும்பி வரும்வரை வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். தயவுசெய்து "ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

எழுப்புதல்_வாலிபன்:

சகோதரி, இது சாத்தான் கொண்டுவருகிற நித்திரை. வெளிப்படுத்தல் 3:16-ஐ வாசியுங்கள். வெதுவெதுப்பாய் இருக்கிறவர்களைக் கர்த்தர் வாந்திபண்ணிப்போடுவார், அதைவிடக் குளிராய் இருப்பதே நல்லது என்று வேதமே சொல்கிறது. மூன்று நாள் உபவாசம் எடுங்கள், முழு இரவு ஜெபத்துக்குப் போங்கள், அக்கினி இறங்கும்!!

மானிப்பாய்க்காரி:

முழு இரவு ஜெபத்துக்கும் போனேன் தம்பி. அழுதும்விட்டேன். வெள்ளி இரவு தொடங்கியது புதன்கிழமை வரைக்கும் நின்றது.

செம்மண்:

பிள்ளை, நான் கோப்பாய்ப் பக்கம் தோட்டம் செய்தவன், படித்த ஆள் இல்லை, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்று எங்கள் ஐயா அடிக்கடி சொல்லுவார். உங்கள் கேள்விக்கு அதில் பாதி மறுமொழி இருக்கிறது. ஊறட்டும், பிறகு இறைப்போம் என்று இருந்தால் கிணற்றில் பாசிதான் மிஞ்சும். ஆகவே வகுப்பை விட வேண்டாம், அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதே உங்களுக்கு ஒரு இறைப்பு.

ஆனால் மற்றப் பாதியும் இருக்கிறது, அதைப் பிரசங்கத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, நாங்கள் குடிப்பதும் இறைப்பதும் அதைத்தான். மோட்டரைப் போட்டு வெறியோடு இறைத்தால் கீழே கிடக்கிற உவர் மேலே வந்து வெங்காயம் கருகிப்போகும். தம்பி சொல்லும் மூன்று நாள் உபவாசம் எல்லாருக்கும் ஒத்துவராது என்பது அதனால்தான். அளவாக இறைக்க வேண்டியது எங்கள் வேலை. மழையை நாங்கள் பெய்விக்க ஏலாது.

இன்னொன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அடி அடியாக நகர்ந்தோம். அம்மா சைக்கிள் கரியரைப் பிடித்தபடி 121ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தா. அன்றைக்கு எனக்கு ஒரு வசனமும் சலிக்கவில்லை. வீடு திரும்பி, கூரை போட்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் சலித்தது. உபாகமம் 8ஆம் அதிகாரத்தை ஒருக்கால் பாருங்கள். சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும்போது மறந்துவிடாதே என்று மோசே சொல்வது எனக்கென்று எழுதினமாதிரி இருக்கும்.

ஏட்டுச்சுரைக்காய்:

ஐயா சொன்னதற்குப் பிறகு நான் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றினாலும், இறையியல் படிக்கிற பழக்கதோஷத்தில் இரண்டு விஷயம்.

முதலாவது, வாலிபன் அண்ணா சொன்ன வெளிப்படுத்தல் வசனம், லவோதிக்கேயா என்ற ஊரின் சபைக்கு எழுதியது. குளிர் என்றால் அவிசுவாசி என்று நாங்களே எடுத்துக்கொள்கிறோம். அந்த ஊருக்கு வடக்கே எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள், கிழக்கே கொலோசெயில் நல்ல குளிர்ந்த தண்ணீர். லவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியாக வெளியில் இருந்து தண்ணீர் வந்தது, அந்தக் கல்குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம், எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிறதே, அதே மாதிரி. சூடு குளிக்க உதவும், குளிர் குடிக்க உதவும், நடுவில் உள்ளது ஒன்றுக்கும் உதவாது என்பதுதான் பேச்சு என்று பல விளக்கவுரையாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பார்த்தால் அந்தச் சபை "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று பெருமை பேசிய சபை. அக்கா குறை இருக்கிறது என்று இங்கே வந்து எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றா?

இரண்டாவது, இந்த நோய்க்குப் பழைய பெயர் ஒன்று உண்டு, அக்கீடியா. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதை 'மத்தியானப் பிசாசு' என்று எழுதினார். அது பிடித்தால் சூரியன் நகராததுபோல் இருக்குமாம், பகல் ஐம்பது மணி நேரம்போல் இழுபடுமாம், துறவி அடிக்கடி யன்னலை எட்டிப் பார்ப்பாராம், சாப்பாட்டு நேரம் எப்போது வரும், யாராவது சகோதரன் இந்தப் பக்கம் வருகிறானா என்று. (நான் பரீட்சைக்குப் படிக்கும்போது போனை எடுத்துப் பார்ப்பது இதேதான்.) அவர் சொன்ன மருந்தில் முக்கியமானது, அறையை விட்டு ஓடாதே என்பது. வகுப்பை விடலாமா என்று அக்கா கேட்டதற்கு இதுதான் என் பதில்.

அப்புறம் 119ஆம் சங்கீதம். எபிரெய அகரவரிசையில் எழுத்துக்கு எட்டு வசனமாக 22 எழுத்துக்கு 176 வசனம். இவ்வளவு ஒழுங்காகக் கோர்த்த ஆள் எப்போதும் உச்சியில் நின்றார் என்று நினைக்காதீர்கள். 25ஆம் வசனத்தில் "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்கிறார். முடிவில் 176ஆவது "காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக". வேதத்தில் பிரியமாயிருக்கிறேன் என்று சொன்ன அதே வாய்தான். என் யோசனை, பத்தையும் ஒரே நாளில் நேசிக்கப் பார்க்காமல், ஒரே ஒரு கற்பனையை எடுத்து ஒரு கிழமை அதன்படி நடந்து பாருங்கள். எதுவும் உணர வேண்டாம்.

மானிப்பாய்க்காரி:

மன்னிக்க வேண்டும், பதில் போட ஒன்பது நாள் ஆகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி, செம்மண் ஐயாவுக்கு விசேஷமாக. பில்களைக் கட்டி முடித்துவிட்டேன், முதலில் அது.

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதை எடுத்தேன், லேசாக இருக்கும் என்று. முதல் நாளே தோல்வி. தலை இழுத்துக்கொண்டு வீட்டில் நிற்கும்போது கந்தோரில் இருந்து கோல் வந்தது, "இதோ வைத்தியசாலைச் சந்தியில் நிற்கிறன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த நாள், "இன்னும் வெளிக்கிடவில்லை, இருபது நிமிஷம் ஆகும்" என்று சொன்னேன். மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை சொல்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன், எண்ணிக்கையை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று இரவு நானாகவே வேதாகமத்தைத் திறந்தேன். பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை, பத்து நிமிஷம், நித்திரை வந்துவிட்டது. ஆனால் யாரும் சொல்லித் திறக்கவில்லை.

வகுப்பை விடவில்லை. இந்த ஞாயிறு ஒரு பெடியன், "கற்பனை என்றால் இல்லாததை யோசிக்கிறதுதானே டீச்சர்?" என்று கேட்டான். பழைய தமிழில் கட்டளை என்று அர்த்தம் என்றேன். "அப்ப ஏன் கட்டளை என்று போடேல்லை?" என்றான். தெரிந்தவர்கள் மறுமொழி சொல்லுங்கள்.

குருநகர்_மரியான்:

கத்தோலிக்கர் நாங்கள் கட்டளை என்றுதான் சொல்லுவோம், அந்தப் பெடியனை இங்கே அனுப்புங்கள் :) பொய்ச்சாட்சிக் கட்டளை உங்களுக்கு ஒன்பதாவது, எங்களுக்கு எட்டாவது. நானும் இன்றைக்கு அந்தச் சந்தியில் நிற்கிறன் பொய்யை இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.